இதைச் செய்தது யார்?

திருகோணமலை உள்துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கப்பல் வருகிறது. சீனக்குடாவில் உள்ள பிறிமா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கேள்வி: அந்தக் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்தது யார்?

"எஞ்சின்" என்று ஒருவர் சொல்வார். எஞ்சின் ஓடாவிட்டால் கப்பல் நகராது. "கப்டன்" என்று இன்னொருவர் சொல்வார். கப்டனின் கட்டளை இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஆனால் சிறிய படகில் வந்து, கயிற்றேணி பிடித்து ஏறி, "இப்படித் திருப்புங்கள், அப்படித் திருப்புங்கள்" என்று வழி சொன்னவர் துறைமுகத்தின் பைலட். அந்தப் பைலட்டை வரச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர் கரையில் இருக்கும் கப்பல் ஏஜென்ட். அவருக்கு அந்த வேலையைத் தந்தவர் தூர தேசத்தில் இருக்கும் கப்பல் சொந்தக்காரர்.

எல்லா விடையும் சரியானதே. ஆனால் எஞ்சின் செய்த வேலையும் ஏஜென்ட் செய்த வேலையும் ஒரே மாதிரியானவை அல்ல. இரசாயனவியலாளர், வைத்தியர், வழக்கறிஞர், உளவியலாளர், கணினிப் பொறியியலாளர் ஆகிய எல்லோரும் ஏஜென்ட், ஏஜென்சி என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையான செய்பவரைக் குறிக்கிறார்கள். அந்த வகைகளை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: தடை வந்தால் அது தன் வழியை மாற்றிக்கொள்கிறதா?
இரண்டு: அது யாருக்காகச் செய்கிறது?
மூன்று: "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியுமா?

இந்த மூன்று கேள்விகளோடு நமது துறைமுகத்தைச் சுற்றி வருவோம்.

கல்லால், தொழிலாளரால், தளபதியால்

தமிழ்ப் பாடத்தில் மூன்றாம் வேற்றுமை படித்திருப்பீர்கள். அது இங்கே நமக்கு நன்றாக உதவும். கோணேசர் மலைக்குப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டை இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் எடுத்து அந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். அதைக் கல்லால் கட்டப்பட்ட கோட்டை என்று சொல்லலாம். தொழிலாளரால் கட்டப்பட்ட கோட்டை என்றும் சொல்லலாம். போர்த்துக்கேயத் தளபதியால் கட்டப்பட்ட கோட்டை என்றும் சொல்லலாம்.

மூன்று இடத்திலும் 'ஆல்' என்ற உருபுதான் வருகிறது. ஆனால் நமது இலக்கணம் மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. கல் என்பது கருவி. கல்லைச் சுமந்து அடுக்கிய தொழிலாளர் இயற்றுதற் கருத்தா. ஒரு கல்லையும் தொடாமல் கட்டளை மட்டும் இட்ட தளபதி ஏவுதற் கருத்தா. செய்தது யார் என்று கேட்டால் எதனால், யார் கையால், யார் சொல்லி என்று மூன்றாகப் பார்க்க வேண்டும் என்பது நம்முடைய இலக்கண ஆசிரியர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

வழி தேடாத செய்பவர்

துறைமுகத்தில் கப்பலின் கயிற்றைக் கட்டும் இரும்புக் குற்றிகளைப் பாருங்கள். துருப்பிடித்திருக்கும். காற்றிலும் நீரிலும் உள்ள ஒட்சிசன் இரும்பிலிருந்து இலத்திரன்களைப் பறிப்பதால் துரு உண்டாகிறது. கடல்நீரில் உப்பின் அயன்கள் நிறைந்திருப்பதால் இந்த வேலை விரைவாக நடக்கிறது. இப்படி இலத்திரன்களைப் பறிக்கும் பொருளை உங்கள் விஞ்ஞானப் பாடநூல் ஒட்சியேற்றும் கருவி என்று சொல்லும்.

குற்றிக்கு வர்ணம் பூசிவிட்டால் துருப்பிடிப்பது நின்றுவிடும். ஒட்சிசன் வேறு வழி தேடிச் சுற்றி வராது. நமது முதல் கேள்விக்கு இங்கே "இல்லை" என்பதே விடை. அதற்கு விருப்பமும் இல்லை, கேட்டால் சொல்லப் பதிலும் இல்லை. ஆனாலும் அது செய்யும் வேலை பெரியது.

எவ்வளவு பெரியது என்பதை இலங்கை 2021இல் கண்டது. எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் கொழும்புக்கு அருகே நின்றிருந்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுக்குள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. நைத்திரிக் அமிலம் மிக வலிமையான ஒட்சியேற்றும் கருவி. அந்த அமிலம் கசிவதைக் கப்பலில் இருந்தவர்கள் சில நாட்களுக்கு முன்பே கண்டிருந்தார்கள். மே 20ஆம் திகதி கப்பலில் தீ எழுந்தது. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடியில் தட்டி நின்றது. கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள் கரையில் ஒதுங்கின. இறந்த ஆமைகளும் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள்.

அமிலம் கசிந்ததுதான் தீக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அப்படியானால் குற்றம் அமிலத்தின் மேலா? 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈட்டைக் கப்பல் தரப்பு செலுத்த வேண்டும் என்றது. அமிலம் கருவி. அதை ஏற்றியவர்களும், கசிவு தெரிந்த பிறகு என்ன செய்வது என்று முடிவெடுத்தவர்களும் மனிதர்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

வைத்தியர்களும் இப்படித்தான் பிரித்துப் பார்ப்பார்கள். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், கொட்டியாரக் குடாவின் கரையில் இருக்கும் கிண்ணியா மிகவும் பாதிக்கப்பட்டது. டெங்கின் நோயாக்கி ஒரு வைரசு. அதற்கு நகரும் சக்தி இல்லை. நுளம்பு அதைக் காவிச் செல்கிறது. நுளம்போ நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் நமது உடல் வாசனையையும் மோப்பம் பிடித்துத் தேடி வருகிறது. கையால் விரட்டினால் விலகி, மறுபக்கமாக வருகிறது. வைரசைவிட நுளம்பு ஒரு படி மேலான செய்பவர் என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொருவருக்காகச் செய்பவர்

இப்போது கப்பல் ஏஜென்டிடம் வருவோம். தமிழில் முகவர் என்போம். கப்பல் வருமுன்பே துறைமுக அதிகாரசபைக்கு அறிவிப்பது, பைலட்டையும் இழுவைப் படகையும் கேட்பது, சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் கடதாசிகள் கொடுப்பது, கப்பலுக்குக் குடிநீரும் மரக்கறியும் ஏற்பாடு செய்வது, சுகமில்லாத மாலுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. அவர் தமக்காக அல்ல, கப்பல் சொந்தக்காரருக்காகக் கையெழுத்திடுகிறார்.

ஆச்சி உங்களைக் கடைக்கு அனுப்பி, தன் கடன் கொப்பியில் எழுதச் சொல்லி ஒரு கிலோ சீனி வாங்கிவரச் சொல்கிறார். வாங்கியது நீங்கள். கடன் யாருடையது? ஆச்சியுடையது. சட்டத்தில் முகவாண்மை என்பதன் அடிப்படை இதுதான். ஆனால் ஆச்சி சொல்லாத சொக்கிளேற்றையும் நீங்கள் எடுத்து அதே கொப்பியில் எழுதிவிட்டால், அதற்கு நீங்கள் ஆச்சியிடம் பதில் சொல்ல வேண்டும். முகவர் தனக்குத் தந்த அதிகாரத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமும் சொல்கிறது.

நமது மாவட்டச் செயலகத்தைப் பெரியவர்கள் இன்னும் கச்சேரி என்றும், மாவட்டச் செயலாளரை ஜீ.ஏ. என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1833இல் பிரித்தானியர் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, கிழக்கு மாகாணமும் அதில் ஒன்று. மாகாணங்களை நிருவகித்த அரசாங்க அதிபரை ஆங்கிலத்தில் கவர்ன்மென்ட் ஏஜென்ட் என்றார்கள். அதன் முதல் எழுத்துகள்தான் ஜீ.ஏ. அரசுக்காக இங்கே இருந்து செய்பவர் என்று பொருள்.

பைலட்டின் நிலை இன்னும் நுட்பமானது. துறைமுகத்தின் ஆழமும் பாறையும் நீரோட்டமும் அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் சொல்கிறபடி கப்பல் திரும்புகிறது. ஆனாலும் பெரும்பாலான துறைமுகங்களில் கப்பலின் பொறுப்பு கப்டனிடமே இருக்கும். பைலட் தவறான வழி சொல்கிறார் என்று கப்டனுக்குப் பட்டால் அவர் பேசாமல் இருக்கக்கூடாது. அறிவுரை கேட்கலாம், ஆனால் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைத்துவிட முடியாது.

தானே சுக்கான் திருப்பும் இயந்திரம்

நடுக்கடலில் பெரும்பாலும் சுக்கானை மனிதர் பிடித்திருப்பதில்லை. தானியங்கிக் கருவி பிடித்திருக்கும். கச்சான் காற்று கப்பலை ஒரு பக்கம் தள்ளினால், கருவி சுக்கானை மறுபக்கம் திருப்பிச் சரிசெய்யும்.

1922இல் நிக்கலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர் இதற்கான கணிதத்தை எழுதினார். நல்ல சுக்கானி எப்படிக் கப்பலைத் திருப்புகிறார் என்பதை அவர் கவனித்தார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு, இதுவரை எவ்வளவு விலகி வந்தது, இனி எவ்வளவு வேகமாக விலகப்போகிறது என்பதையும் சுக்கானி கணக்கில் எடுக்கிறார் என்று கண்டார். அந்த மூன்றையும் சமன்பாட்டில் சேர்த்தார். இன்று எத்தனையோ தொழிற்சாலை இயந்திரங்கள் அதே கணக்கில்தான் இயங்குகின்றன.

நமது முதல் கேள்விக்கு இந்தக் கருவி "ஆம்" என்ற விடையைப் பெறுகிறது. தடை வந்தால் தன்னை மாற்றிக்கொள்கிறது. இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுகிறது. எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை மனிதர் குறித்துத் தருகிறார். மும்பாய்க்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் கருவிக்கு ஒன்றுதான்.

தனக்காகச் செய்பவர்கள்

தனக்காகவே ஒன்றைத் தேடுபவரைப் பார்க்க வேண்டுமானால் உயிர்களிடம் போக வேண்டும். மிகச் சிறிய உயிரே போதும்.

நமது குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்கு மூளை இல்லை, கண் இல்லை. நூல் போன்ற சவுக்குமுளைகள் உண்டு. அவற்றின் அடியில் சுழலும் மோட்டார்கள் நொடிக்கு நூறு தடவைக்கும் மேல் சுற்றும். 1972இல் ஹவார்ட் பேர்க் என்ற விஞ்ஞானி தாமே உருவாக்கிய நுணுக்குக்காட்டியால் ஒரு தனிப் பற்றீரியாவைப் பின்தொடர்ந்து பார்த்தார். அது ஒரு நொடி அளவு நேராக நீந்தியது. பிறகு சட்டென்று குட்டிக்கரணம் போட்டு வேறு திசைக்குத் திரும்பியது. மறுபடி நீந்தியது.

உணவு கூடிவரும் பக்கமாக நீந்தும்போது குட்டிக்கரணங்கள் குறைகின்றன. அதனால் அந்தத் திசையில் நீண்ட தூரம் போகிறது. எப்படித் தெரிகிறது? சில நொடிகளுக்கு முன் இருந்த உணவின் அளவை இப்போதுள்ள அளவோடு அது ஒப்பிடுகிறது. அந்தச் சிறிய உடலுக்குள் இரசாயன மாற்றங்களாலான ஒரு குட்டி ஞாபகம் இருக்கிறது. தேடிக் கிடைக்கும் உணவு அதற்கே சொந்தம். உணவு கிடைக்காவிட்டால் இறப்பதும் அதுதான். தானியங்கிச் சுக்கானுக்கு இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவான அந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. பவளம் கல் மாதிரி அசையாமல் இருந்தாலும், அதன் குடம்பி பிறக்கும்போது நீந்தும். ஒட்டி வளர நல்ல இடம் தேடும். பாறைமேல் படரும் சில சிவப்புப் பாசிகளின் இரசாயன வாசனை கிடைத்தால் அங்கே இறங்கும். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு இடம் மாறாது. வாழ்நாளுக்கான முடிவை ஊசிமுனை அளவு உயிர் எடுக்கிறது.

இந்து சமுத்திரப் பவளப்பாறைகளில் நீலக் கோடு போட்ட ஒரு சிறிய மீனும் உண்டு. துப்புரவு மீன் என்று சொல்லலாம். பெரிய மீன்கள் அதன் இடத்துக்கு வந்து நிற்கும். அவற்றின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளை இது தின்று சுத்தம் செய்யும். ஆனால் இதற்கு மிகவும் பிடித்தது ஒட்டுண்ணி அல்ல, பெரிய மீனின் தோலில் உள்ள வழுவழுப்பான சளி. அதைக் கடித்தால் பெரிய மீன் வெடுக்கென்று விலகிப் போய்விடும்.

2006இல் றெடுவான் பிஷாரி, அலெக்சாண்ட்ரா குரட்டர் என்ற இரு விஞ்ஞானிகள் ஒன்றைக் காட்டினார்கள். அடுத்து வரக்கூடிய மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துப்புரவு மீன் களவாகச் சளி கடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பிடித்ததை இப்போது விட்டால் பின்னால் நன்மை உண்டு என்பதற்கேற்ப அது நடக்கிறது. தன் விருப்பத்தையே கொஞ்சம் அடக்கத் தெரிந்த செய்பவர் அது.

ஏணையில் கிடக்கும் விஞ்ஞானி

மனிதருக்கு "இதை நான் செய்கிறேன்" என்ற உணர்வு எப்போது வருகிறது? அமெரிக்க உளவியலாளர் கரோலின் றொவீ 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று மாதமும் நிறையாத குழந்தைகள் படுத்திருக்கும் இடத்துக்கு மேலே ஆடும் பொம்மைகளைத் தொங்கவிட்டார். பொம்மைக்கும் குழந்தையின் காலுக்கும் இடையே ஒரு நாடாவைக் கட்டினார். குழந்தை காலை உதைத்தால் பொம்மை ஆடும். சிறிது நேரத்தில் குழந்தைகள் முன்னையதைவிட அதிகமாகக் காலை உதைக்கத் தொடங்கினார்கள்.

2023இல் வேறொரு விஞ்ஞானிகள் குழு இதே சோதனையை நுட்பமான கமராக்களால் அளந்து பார்த்தது. குழந்தைகள் உதைத்ததை மட்டுமல்ல, இடையில் காலை அசைக்காமல் வைத்திருந்ததையும் அவர்கள் கவனித்தார்கள். நான் நிறுத்தினால் பொம்மையும் நிற்கிறது என்பதும் குழந்தைக்கு ஒரு கண்டுபிடிப்புத்தான். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ ஏணையில் கிடந்து காலை ஆட்டினால், உலகத்தில் தன்னால் என்ன செய்ய முடியும் என்று சோதித்துப் பார்க்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் உள்ளங்கையை நீங்களே விரலால் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் நண்பரைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

1998இல் லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோரும் அவரது குழுவினரும் இதன் காரணத்தை மூளையைப் படம்பிடித்துத் தேடினார்கள். நாம் கையை அசைக்கும்போது, அடுத்து என்ன உணர்வு வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. தலையின் பின்பக்கம் இருக்கும் மூளி என்ற பகுதிக்கு இதில் பங்கு உண்டு. எதிர்பார்த்த உணர்வே வந்தால், "இது நான் செய்தது" என்று மூளை அதைக் குறைத்துவிடும். நண்பரின் விரலை அதனால் அப்படிக் கணிக்க முடியாது. கிச்சுக்கிச்சு முழுதாகத் தெரியும்.

பலர் சேர்ந்து ஒருவராக

நமது கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு கயிற்றிலும் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே தாளத்தில் இழுப்பார்கள். தாளம் தவறாமல் இருக்க அம்பாப் பாட்டுப் பாடும் வழக்கமும் உண்டு. வலையைக் கரையேற்றியது யார்? தனி ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஒருவர் தனியாகச் செய்ய முடியாததைப் பலர் சேர்ந்து செய்யும்போது, அந்தக் கூட்டமே செய்பவர் ஆகிறது. கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, கம்பனி, அரசாங்கம் எல்லாம் இந்த வகைதான்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து செய்ததில் பிழை வந்தால், ஆளுக்கு ஆள் கை காட்டிவிட்டு ஒதுங்கிவிடலாம். அதனால்தான் கூட்டமாகச் செய்யும் இடங்களில், இந்த வேலைக்கு இவர் பொறுப்பு என்று முன்னமே எழுதி வைக்கிறார்கள்.

புதிதாக வந்த முகவர்கள்

இப்போது கணினிகளிலும் முகவர்கள் வந்துவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு முகவர் என்று பெயர். "நாளைக்குக் கொழும்புக்கு ஒரு பயணச்சீட்டு எடு" என்று சொன்னால் தேடி, விலை பார்த்து, பதிவு செய்யும் மென்பொருள் அது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி பார்க்கும். முதல் கேள்விக்கு விடை ஆம். இரண்டாவது கேள்விக்கு, நமக்காகச் செய்கிறது. மூன்றாவது கேள்வியில்தான் கவனம் வேண்டும். ஏன் என்று கேட்டால் அது வாக்கியம் வாக்கியமாகப் பதில் எழுதும். ஆனால் பிழையான பயணச்சீட்டுக்கு நட்டம் கொடுப்பதும், மன்னிப்புக் கேட்பதும், இனி இப்படி நடக்காமல் பார்ப்பதும் யார்? அதை உருவாக்கியவர்களும் பயன்படுத்தியவர்களும்தான். இதற்கான சட்டங்களை உலக நாடுகள் இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் பெரியவர்களாகும்போது அவற்றை எழுதும் மேசையில் உங்களில் சிலரும் இருப்பீர்கள்.

இந்த வாரம் பத்திரிகையில் ஒரு செய்தியை எடுத்துப் பாருங்கள். "மரங்கள் வெட்டப்பட்டன", "கழிவு கடலில் கொட்டப்பட்டது", "கோப்பு தொலைந்துவிட்டது" என்று செய்பவரே இல்லாத வாக்கியங்கள் நிறைய அகப்படும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதனால், யாரால், யார் சொல்லி என்று எழுதி விடை தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பட்டியலில் கடைசியாக "என்னால்" என்று ஒரு வரியும் சேருங்கள். பாடசாலை மதிலோரம் கிடக்கும் சிரட்டையில் நீர் தேங்கியிருந்தால் அதைக் கவிழ்த்துவிடுவது உங்களால் முடியும். அதில் வளரவிருந்த நுளம்புகள் கிண்ணியாவிலோ திருகோணமலையிலோ ஒருவரையும் கடிக்கப்போவதில்லை. அதைச் செய்தது யார் என்று யாராவது கேட்டால், "நான்தான்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.